முதல் பூமியில் சொன்னது

ஐம்பது வயதிலும் பொம்மைப் புத்தகம் படிக்கிறவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வானத்தில் பறக்கிற, ஒற்றைக் கையால் லாரியைத் தூக்குகிற வீரர்களின் காமிக்ஸ்தான். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தை மூடியதும் இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுப்பேன். கேலி செய்கிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. “நீங்க பாக்குற சீரியல்ல செத்தவ வேற முகத்தோட திரும்பி வருகா. அத நம்பலாம், இத நம்பக்கூடாதா?” என்று கேட்பேன். என் வாய் அப்படி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, என் தம்பியைக் கெடுத்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு கருங்கல் சந்தையிலிருந்து நடக்கிற தூரம். அப்பாவுக்கு கல்ஃபில் ஒரு பணக்கார வீட்டில் டிரைவர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவர் கொண்டுவருகிற அட்டைப்பெட்டியில் கண்ணாடிக் குப்பிகள் உடையாமலிருக்க, அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்துப்போட்ட ஆங்கில காமிக்ஸ்களைச் சுற்றியிருப்பார். அம்மா குப்பிகளை எடுப்பாள். நானும் தம்பியும் சுற்றின தாளை எடுப்போம். கசங்கிய பக்கங்களைக் கையால் நீவி, பாய்க்கு அடியில் வைத்து, ஒரு வாரம் அதன்மேல் படுத்து நேராக்குவோம். சோப்பு வாசமும் பாச்சை உருண்டை வாசமும் அவற்றிலிருந்து போகவே போகாது. “முழுசாக் கொண்டுவரக்கூடாதாப்பா?” என்று தம்பி ஒருமுறை கேட்டதற்கு அப்பா, “குப்பி உடைஞ்சா உனக்க அம்மை என்னைய உடைப்பா” என்றார்.

தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் தட்டுத்தடுமாறித்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் வாசித்துச் சொல்ல, அவன் படத்தைப் பார்த்து மீதியைச் சொல்வான். ஆனால் கதை ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரு புத்தகத்தில் வீரனுக்குக் கல்யாணம் ஆகி மனைவி இருக்கிறாள். இன்னொன்றில் அதே பெண் அவனை யாரென்றே தெரியாமல் திட்டுகிறாள். ஒன்றில் அவனைச் சவப்பெட்டியில் வைத்து ஊரே அழுகிறது. மற்றதில் ஒன்றும் நடக்காதது மாதிரி பறக்கிறான். “இவன் செத்தாச்சுல்லா? பின்னே எப்பிடி வருகான்?” என்று தம்பி உண்மையாகவே கோபப்பட்டான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. யாரோ தன்னை ஏமாற்றுவதாக நினைத்தான்.

அடுத்த பெட்டியில் பதில் இருந்தது. ஒரு விஞ்ஞானி கரும்பலகையில் வட்டங்களை வரைந்து விளக்குகிறார். பூமி ஒன்றல்ல, பல. எல்லாவற்றிலும் அதே ஆட்கள், ஆனால் வேறு வேறு வாழ்க்கை. அதில் ஒன்றுதான் முதல் பூமி. அங்கே நடப்பது மட்டும்தான் அடுத்த மாதப் புத்தகத்துக்கும் அதற்கடுத்ததற்கும் தொடரும். அங்கே ஒருவன் காலை ஒடித்துக்கொண்டால் அடுத்த புத்தகத்தில் நொண்டியாக வேண்டும். மற்ற பூமிகளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், யார் வேண்டுமானாலும் சாகலாம், முதல் பூமியை அது தொடாது. எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, எங்களிடம் இருந்தவற்றை முதல் பூமி, மற்றவை என்று பிரித்து எழுதினோம்.

ஒன்றே ஒன்றில் தடுமாறினோம். முதல் பக்கமும் அட்டையும் இல்லாத புத்தகம். அதில் வீரனின் உற்ற நண்பன் வெள்ளத்தில் போகிறான். வீரன் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், காப்பாற்றவில்லை. வேறு பூமி என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை, ஆகவே முதல் பூமியில் சேர்த்துவிட்டோம். தம்பி இரண்டு வருஷம் அவனுக்காக வக்கீல் வேலை பார்த்தான். “அவனுக்கு அன்னைக்கு சக்தி போயிருந்துது”, “நண்பன்தான் வராதேன்னு சொல்லியிருப்பான்” என்று தினமும் ஒரு காரணம். பிறகு வந்த ஒரு புத்தகத்தின் வாசகர் கடிதத்தில், அது வெறும் கற்பனைக் கதை, முதல் பூமியில் நடக்கவே இல்லை என்று தெரிந்தது. நான் பேனாவை எடுத்து நோட்டில் அடிக்கப் போனேன். தம்பி நோட்டைப் பிடுங்கிக்கொண்டான். “நான் அவனுக்க மனச இவ்வளவு நாளும் யோசிச்சு யோசிச்சு கண்டுபிடிச்சாச்சு. இனி மாத்தாண்டாம்” என்றான். பிடிவாதக்காரன் என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

அந்த நோட்டிலிருந்துதான் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்று பிறந்தது. சண்டையில் ஒருவர் மற்றவரைப் புண்படும்படி ஏதாவது சொல்லிவிட்டால், புண்பட்டவர் கேட்கவேண்டும்: “எந்தப் பூமியில?” சொன்னவர் “ரெண்டாம் பூமியில” என்றால் அது நடக்கவே இல்லை. மன்னிப்பு கேட்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், அப்படியே சாப்பிடப் போகலாம். “முதல் பூமியில” என்றால் சொன்னது உண்மை, மனதறிந்து சொன்னது, நிற்கும். புண்பட்டவர்தான் கேட்கலாம். சொன்னவர் தானாகப் போய் அது ரெண்டாம் பூமி என்று சொல்ல முடியாது. கேள்விக்குப் பொய் சொல்லவும் கூடாது. “பூமியும் வானமும் பேசிட்டு நிக்காதுங்க, கோழிய அடைங்க” என்று அம்மா கத்துவாள்.

சின்னப் பிள்ளை விளையாட்டுதான். ஆனால் அது எங்களோடு வளர்ந்தது. அப்பா இறந்தபின் தம்பியும் கல்ஃபுக்குத்தான் போனான். எனக்கு ஒரு சம்பந்தம் கைகூடி வந்து தட்டிப்போனபோது, “உனக்க நாக்குக்கு ஆரும் வரமாட்டான்” என்று போனில் சொல்லிவிட்டான். நான் கேட்டேன். “ரெண்டாம் பூமி, ரெண்டாம் பூமி” என்று அவசரமாக இரண்டு தடவை சொன்னான். இருவரும் சிரித்தோம். எங்கள் இருவருக்கும் மன்னிப்பு கேட்கிற பழக்கமே இல்லாமல் போனது இதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். தேவைப்படவில்லை, படிக்கவும் இல்லை.

ஆறு வருஷம் முன்பு தை மாதத்தில் அம்மாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கல்யாணம் கழியாமல் வீட்டிலேயே நின்றுபோனவள் நான், ஆகவே பார்த்துக்கொள்ள வேண்டியவளும் நானே. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது. அதைச் செய்ததற்காக எனக்கு யாரும் மாலை போட வேண்டாம். அவள் என் அம்மா. ஆனால் அவள் வாய் கோணி, பேச்சு குழறிவிட்டது. பக்கத்திலேயே இருக்கிற எனக்கு மட்டும்தான் அவள் சொல்வது புரியும். முதல் மாதம் போனை அவள் வாயருகே பிடித்தேன். தம்பிக்குக் கேட்டது வெறும் முனகல். அவன் அங்கே அழுதான், இவள் இங்கே அழுதாள். அவன் இருந்த நாட்டில் வீடியோவில் பேசவும் வழியில்லை. அதன்பின் அம்மா சொல்வதை நான்தான் அவனுக்குச் சொன்னேன். அவன் காதுக்கு அம்மாவாக இருந்தது நான்தான்.

அம்மா சொன்னது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். “எனக்க மோன் வந்தானா?” காலையில் கண் திறந்ததும் அது. குளிப்பாட்டும்போது அது. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் அது. என்னை அவள் “ஏட்டி” என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் தண்ணீர் வேண்டும்போது. முதலில் நான் அவனிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்: “உன்னக் கேட்டா.” பிறகு சொல்வதைக் குறைத்தேன். ஏன் என்று அப்போது என்னிடமே நான் கேட்கவில்லை.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. மத்தியானம் சிவப்பரிசிக் கஞ்சியும் சிறுபயறும் குழைய வைத்து, ஆற்றி, ஸ்பூனில் கொண்டுபோனேன். அம்மா வாயை இறுக்கிக்கொண்டாள். இரண்டு தடவை, மூன்று தடவை. பிறகு சொன்னாள்: “மோன் வரட்டு. அவன் தருவான்.” அவன்! குடித்த டம்ளரைக் கழுவி வைத்தறியாதவன். ஏழு மாசமாக என் இடுப்பு நிமிர்ந்து நான் பார்க்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். போன் அடித்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை.

“எக்கா, ஒரு காரியம் கேக்கணும். கம்பெனியில இந்த வருஷம் ஒரு தடவதான் லீவு தருவானுவ. இப்பமே வரட்டா, இல்ல ஓணத்துக்கு வரட்டா? டாக்டர் என்ன சொல்லுகாரு?”

“இப்பிடியே ஆறு மாசமும் ஓடலாம்னு சொல்லுகாரு” என்றேன். அது உண்மை.

“அம்மை என்னத் தேடுகாளா?”

உள்ளே அம்மா இன்னும் வாயை இறுக்கிக்கொண்டு கதவைப் பார்த்தபடி படுத்திருந்தாள். நான் சொன்னேன்: “இல்ல. கேக்கவே இல்ல.”

அவன் லேசாகச் சிரிக்க முயன்ற குரலில் கேட்டான்: “எக்கா… எந்தப் பூமியில?”

அவன் எனக்கு வழி திறந்துவிட்டான். இரண்டு சொல் போதும். முப்பது வருஷமாக நாங்கள் மாற்றி மாற்றிச் சொன்ன இரண்டு சொல். நான் கல் மாதிரி நின்று, “முதல் பூமியிலதான்” என்றேன்.

“செரி” என்றான். “அப்பம் ஓணத்துக்கு வாறேன்.”

போனை வைத்ததும் பகீரென்று இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய். எனக்கு நிறைவாக இருந்தது. வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், அந்தக் கஞ்சியை நானே குடித்தேன், ருசியாக இருந்தது.

மறுநாளே மனம் உறுத்தத் தொடங்கிவிட்டது. ஆனால் சொன்னவர் தானாகப் போய் மாற்ற முடியாது என்பது சட்டம். நாற்பத்தைந்தை நெருங்கிய ஒரு பெண் ஒரு நாற்பது பக்க நோட்டுச் சட்டத்தைக் காரணம் காட்டிக்கொண்டாள். அவன் திரும்பக் கேட்பான், கேட்டால் சொல்லிவிடலாம் என்று அடுத்த வெள்ளி இருந்தேன். அதற்கடுத்த வெள்ளியும் இருந்தேன். அவன் மருந்தைப் பற்றிக் கேட்டான், மழையைப் பற்றிக் கேட்டான், அதைக் கேட்கவில்லை. அம்மாவிடம் “ஓணத்துக்கு வருகான்” என்று சொல்லியிருந்தேன். அதன்பின் அவள் கேள்வி மாறியது. “ஓணம் ஆயாச்சா?” என்று கேட்டாள். நான் “ஆவுது, ஆவுது” என்றேன். நான் அந்தப் பொய்யைச் சொன்ன பதினெட்டாம் நாள் விடியற்காலம் அவளுக்கு மூச்சு இழுத்தது, விடிந்ததும் நின்றது.

எங்கள் பக்கம் கல்ஃபிலிருந்து மகன் வந்து சேரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். தம்பி மறுநாள் திருவனந்தபுரத்தில் இறங்கி, பெட்டியின் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். அவன் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தான். கொள்ளி வைத்தான், எல்லாம் முறையாகச் செய்தான். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்கு வந்த சொந்தக்காரி ஒருத்தி, “கடைசியா மகன ஒண்ணும் கேக்கல்லியா?” என்று என்னிடம் விசாரித்தாள். அவன் நாலடி தள்ளி இலை போட்டுக்கொண்டிருந்தான். பந்தி நிறைய ஆட்கள். நான் தலையை மட்டும் அசைத்தேன். இல்லை என்ற அசைப்புதான். அவன் அடுத்த இலையைப் போட்டான்.

அதன்பின் ஆறு வருஷம். அவன் வந்தான், போனான். அன்பில் குறை வைக்கவில்லை. எனக்கு முட்டுவலிக்குத் தைலம், மேலுக்குச் சட்டைத் துணி என்று வந்துகொண்டே இருந்தது. ஆனால் நான் என்ன கடுமையாகச் சொன்னாலும் அவன் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவன் அதிசயமாக ஒருநாள் குழம்பு வைத்தபோது, வேண்டுமென்றே அதைக் கேவலமாகப் பேசிப் பார்த்தேன். “ஆமாக்கா, உப்பு கூடிப்போச்சு” என்றான்.

இந்த மே மாதம், அங்கே அவனோடு இருக்கும் மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மகளை நாகர்கோவிலில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் போவதாகத் திட்டம். பிள்ளைக்கு விருப்பமில்லை, இரண்டு நாளாக முகம் வீங்கியிருந்தது. மனசு மாறட்டும் என்று சிதறால் மலைக்குப் போனோம். கல் பாவிய பாதையில் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, மல்டிவெர்ஸ் தெரியுமா? வேற யூனிவர்ஸ்ல நான் ஹாஸ்டலுக்குப் போகாம இருப்பேன்” என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குப்பி சுற்றின தாள் தேவையில்லை, எல்லாம் சினிமாவிலேயே தெரிந்துவிடுகிறது. தம்பி திரும்பிப் பார்த்து, “உனக்க அத்தைக்கிட்டயா சொல்லுக? அவ அதுல பழைய புள்ளியாக்கும்” என்றான். பல வருஷம் கழித்து அவன் அந்த வழியாக ஒரு சொல் பேசினான்.

மேலே பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணச் சிலைகளுக்கு முன்னால் தாயும் மகளும் படமெடுக்கப் போனார்கள். நாங்கள் இருவரும் நிழலில் உட்கார்ந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. மூச்சு அடங்குமுன்பே சொல்லிவிட்டேன். அடங்கினால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

“லேய், அம்மை உன்னக் கேட்டா. தினமும் கேட்டா. நான்தான் பொய் சொன்னேன். அது முதல் பூமி இல்ல.”

அவன் கீழே தெரிந்த தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் முதுகில் மெல்லத் தட்டினான், குழந்தையைத் தட்டுவது மாதிரி.

“நீ ஒருநாள் இப்பிடிச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்க்கா. எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுக.”

“ஆறுதலுக்கு இல்லலே. சத்தியமா.”

“நான் இத நல்லா யோசிச்சாச்சு. அப்பா அங்க கிடந்த காலத்துல அம்மை ஒரு கடிதாசியிலயாவது எப்பம் வருவியன்னு எழுதினாளா? இல்லியே. கேட்டா மனசு உடைஞ்சு வேலைய விட்டுட்டு வந்திருவாருன்னு கேக்கல்ல. என்னையும் அப்பிடித்தான். கேக்காம இருந்தது அவளுக்க பாசமாக்கும். அத நான் புரிஞ்சுக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு. மூணு வருஷம் ஒறக்கம் இல்ல, தெரியுமா? இப்பம்தான் செரியாயிருக்கு. நீ அத எடுத்துக் கலக்காத.”

கோபமில்லாமல்தான் சொன்னான். அம்மா அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பற்றி அவன் சொன்னதும் உண்மை. நான் அவன் கையைப் பிடித்து, ஓணம் ஆயாச்சா என்று அவள் கேட்டதைச் சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அவன் நம்பிவிடுவான், ஏனென்றால் அது யாரும் இட்டுக்கட்ட முடியாதது. நம்பினால் அந்தப் பதினெட்டு நாளும் அவன்மேல் மொத்தமாக விழும். வந்திருக்கலாம், லீவு இருந்தது, வரவில்லை. சொல்லவில்லை. அவனுக்காகத்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன், எனக்காகவும் இருக்கலாம்.

இறங்கும்போது பிள்ளை மறுபடியும் அழுகையை ஆரம்பித்தாள். தம்பி அவளைத் தோளோடு சேர்த்து நடத்திக்கொண்டே சொன்னான்: “நீ ஆருக்க பேத்தி? உனக்க அப்பாம்மா ஏழு மாசம் கெடப்புல கெடந்தா. கடைசி வரைக்கும் மோன் எங்கன்னு ஒருநாள் கேக்கல்ல. நான் அங்க நல்லா இருக்கணும்னு பல்லக் கடிச்சுட்டு கெடந்தா. அதாக்கும் தைரியம்.” அவன் குரலில் பெருமை இருந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து பார்த்தவளிடமே கேட்டுவிடுவோம் என்று என் பக்கம் திரும்பினாள்.

“ஆமாவா அத்தை? ஒருநாள்கூட கேக்கலையா?”

தம்பி நடையை நிறுத்தினான். என்னைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆமா மக்கா” என்றேன். “கேக்கவே இல்ல.”